வெந்நீர் ஊற்றியது விதைக்கு

அன்புள்ள மகனுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் செடிக்கு வெந்நீர் ஊற்றவில்லை. விதைக்கு ஊற்றினேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதை இந்தத் தெருவில் ஒருவருக்கும் விளக்க எனக்கு இப்போது தெம்பு இல்லை. ஆகவே, ‘அந்த அம்மா அடுப்பில் தண்ணீர் காய்ச்சி எடுத்து வந்து செடி மேல் ஊற்றுகிறாள், தனியாக இருந்து இருந்து மூளை கலங்கிவிட்டது’ என்று பேசிக்கொள்கிறார்கள். அது அம்பத்தூர் வரை வந்து உன் காதிலும் விழுந்திருக்கிறது. நீ போன வாரம் தொலைபேசியில், குழந்தையிடம் பேசுவது போன்ற ஒரு குரலில், “அம்மா, ஒரு தடவ டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துடலாமா?” என்று கேட்டாய். என் மூளைக்கு ஒன்றும் இல்லை. நீ அனுப்பிய பேத்தியின் கல்யாணப் பத்திரிகை மாதிரியில் உன் மாமனாரின் பெயருக்கு முன்னால் இனிஷியல் எழுத்து மாறியிருக்கிறது. முகூர்த்த நேரம் ஒரு பக்கத்தில் ஒன்றாகவும் மறுபக்கத்தில் வேறாகவும் இருக்கிறது. நீங்கள் நாலு பேர் பார்த்தும் கண்ணில் படாதது, ஒரு கண்ணில் மட்டும் சரியாகப் பார்வை இருக்கிற எனக்குப் பட்டது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் சரிசெய்துவிடு.

இதை ஏன் தொலைபேசியில் சொல்லாமல் எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். தொலைபேசியில் நான் எதைச் சொன்னாலும் நீ “பாக்கலாம்மா” என்கிறாய். அது சம்மதமா மறுப்பா என்று இத்தனை வருடங்களில் எனக்குப் புரிந்ததே இல்லை. உன் அப்பாவின் பட்டறைக்கு பெங்களூரிலிருந்து பட்டு நூல் வரவழைக்கும் கடிதங்களை எல்லாம் முப்பது வருடம் நான்தான் எழுதினேன். எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் வரும் என்பது எனக்குப் பழகிய ஒழுங்கு. மேலும், இதில் நான் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதை வாயால் சொல்ல நாற்பது வருடமாக முயன்று தோற்றிருக்கிறேன்.

ஏழுமலை மேஸ்திரி போன வியாழக்கிழமை அளவெடுக்க வந்தார். பேத்தியின் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டைச் சுற்றி பேவர் பிளாக் கல் பதிக்கச் சொல்லி நீ பேசி முடித்திருக்கிறாய் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வாசல் பக்கம் அளந்தார், பின்பக்கம் அளந்தார். வீட்டுக்கும் தெற்கு மதிலுக்கும் நடுவில் இருக்கிற எட்டடி அகல மண்ணுக்கு வந்து டேப்பை நீட்டினார். அங்கே என் ஐந்து ஆவாரஞ்செடிகளும் என் தோளுயரத்துக்கு நின்றுகொண்டிருந்தன, முழுக்கப் பூவாக. “இதுங்கள மட்டும் பேத்து அந்தாண்ட தொட்டில வெச்சிக்கலாம்மா. மூணு நாளு வேல, ஜல்தியா முடிச்சிடலாம்” என்றார்.

“பெயர்த்தால் செத்துவிடும்” என்றேன்.

“காட்டுச் செடிமா இது. ரோட்டோரம் சும்மா கெடக்கும். இது எங்க சாவப் போவுது?”

“ரோட்டோரம் இருப்பதை யாரும் பெயர்க்கவில்லை. அதனால்தான் இருக்கிறது.”

அவர் சிரித்துவிட்டார். “செடிக்குப் போயி இவ்ளோ பேஜாரு பண்றீங்களே. உங்க புள்ளதான் சொன்னாரு, ‘தெக்கால இருக்கிற மண்ணு செத்த மண்ணு, நான் சின்னப் புள்ளயா இருந்தப்பவே அதுல ஒண்ணும் வரல, தைரியமா போடு’ன்னு.”

கொஞ்சம் பேசினாலே இப்போது மூச்சு வாங்குகிறது. அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். நீ சொன்னது உண்மைதான். அந்த மண் செத்துத்தான் கிடந்தது. ஆனால் அது எப்படிச் செத்தது என்று உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்.

அந்தப் பஞ்ச வருடம் உனக்கு நினைவிருக்கும். நீ ஏழாம் வகுப்பு. கமண்டல நாக நதியில் மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. நம் கிணற்றில் வாளி தரையில் இடிக்கிற சத்தம் கேட்கும். தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுவார்கள், விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். குடிக்கிற தண்ணீருக்கு ஆள் வைத்திருந்தோம். செடிக்கென்று இன்னொரு குடம் பிடிக்க நான் வரிசையில் போய் நிற்கவில்லை. வேலூர் கான்வென்ட்டில் படித்தவள் குழாயடியில் இடுப்பில் குடத்தோடு நிற்பதா என்ற எண்ணம். இதை எந்தப் பூச்சும் இல்லாமல் எழுதுகிறேன். அதே தெற்குப் பக்கத்தில் எனக்குப் பதினோரு ரோஜாச் செடிகள் இருந்தன. கான்வென்ட்டுத் தோட்டத்துக் குச்சிகளிலிருந்து வந்தவை. ஆரணியில் வேறு எந்த வீட்டிலும் அப்படிப்பட்ட ரோஜா இல்லை என்று நான் சொல்லிக்கொள்வேன், மற்றவர்களும் சொல்லும்படி பார்த்துக்கொள்வேன்.

உன் அப்பாவின் பட்டறைக்கு மட்டும் லாரியில் தண்ணீர் வந்தது. தண்ணீர் இல்லாமல் பட்டு நூலை வேகவைக்க முடியாது. கச்சா நூலில் இருக்கிற பசை போக, கொப்பரையில் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து எடுத்தால்தான் நூல் மெதுவாகும், சாயம் பிடிக்கும். நூலை எடுத்த பிறகு அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவார்கள். அவ்வளவு தண்ணீர் வீணாகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆறவைத்துச் செடிக்கு ஊற்றலாம் என்று சொன்னது நான்தான். உன் அப்பா தயங்கினார். “சோடா போட்ட தண்ணி அது. ஆறினாலும் சோடா சோடாதான். செடி தாங்குமா பாத்துக்க” என்றார். “எங்கள் கான்வென்ட்டுத் தோட்டத்து சிஸ்டர் ரோஜாவுக்குச் சோப்புத் தண்ணீர்தான் அடிப்பார். பூச்சி வராது. எனக்குத் தெரியும்” என்றேன். சிஸ்டர் அடித்தது ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சோப்பு, அதுவும் இலையின் அடிப்பக்கத்தில், மாதத்துக்கு ஒரு முறை. அதை நினைத்துப் பார்க்க நான் நிற்கவில்லை. எனக்குத் தெரியும் என்று சொன்ன பிறகு நான் எதையும் நினைத்துப் பார்க்கிற பழக்கம் இல்லை.

அந்த வேலையை உனக்குக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பட்டறையிலிருந்து இரண்டு வாளி, பதினோரு செடிக்கும் பங்கிட்டு. மூன்று வாரம் ஆனது. இலைகளின் ஓரம் பழுத்தது, பிறகு கருகியது, பிறகு உதிர்ந்தது. மண் மேலே வெள்ளை பூத்து, ஓடு மாதிரி வெடித்துக் கிடந்தது. குச்சியால் குத்திப் பார்த்தேன், உள்ளே காய்ந்திருந்தது. சோடா பட்ட மண் இறுகிப்போய் ஊற்றுகிற தண்ணீரை உள்ளே விடாது என்பது எனக்கு அன்று தெரியாது. நீ தண்ணீரே ஊற்றவில்லை என்று முடிவு செய்தேன். நீ மாலையில் ஆற்று மணலில் பந்து விளையாடப் போவதை நான் பார்த்திருந்தேன். வாளியை வழியில் கவிழ்த்துவிட்டு ஓடுகிறாய் என்று எனக்குள் ஒரு படமே ஓடிவிட்டது.

“ஊத்தினேம்மா. தெனம் ஊத்தினேன்” என்றாய்.

“மண் சொல்கிறது, நீ ஊற்றவில்லை என்று.”

“ரெண்டு வாளியும் ஊத்தினேம்மா. கையப் பாருங்க.” உள்ளங்கையைக் காட்டினாய். வாளிப் பிடி பதிந்து சிவந்திருந்தது. தோலும் உரிந்திருந்தது. சோடாத் தண்ணீர் பட்டு உரிந்தது என்று நான் நினைக்கவில்லை. மட்டை பிடித்த கை என்று சொன்னேன்.

என்னை எப்படி வளர்த்தார்களோ அப்படியே உன்னைத் தண்டித்தேன். ‘நான் எப்போதும் உண்மையே பேச வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் நூறு முறை எழுதச் சொன்னேன். நீ எழுதிக் கொண்டுவந்தாய். நான் எண்ணிப் பார்த்தேன், அதுவும் என் பழக்கம். நூறு வரி இருந்தது. ஆனால் நடுவில், அறுபதைத் தாண்டி எங்கோ, ஒரு வரி மட்டும் தமிழில் இருந்தது. ‘நான் தண்ணீர் ஊற்றினேன்’ என்று. மற்ற வரிகளின் அதே அளவில், அதே அழகான கையெழுத்தில். அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு இன்னொரு வரி எழுதி நூறை முடிக்கச் சொன்னேன். நீ நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தாய். அந்த நோட்டு இப்போது இல்லை. மற்ற நோட்டுகளோடு பழைய பேப்பருக்குப் போய்விட்டது. ஆனால் அந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் அந்த வரி இருந்தது என்று இப்போதும் என்னால் விரலை வைத்துக் காட்ட முடியும்.

பத்து நாள் கழித்து முனுசாமி வந்தார். பட்டறையில் கொப்பரை வேலை பார்த்தவர், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேருக்குப் போனவர். ஏதோ சாவி கொடுக்க வந்தவர் தெற்குப் பக்கம் எட்டிப் பார்த்தார். குனிந்து, மண் மேல் இருந்த வெள்ளையைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினார்.

“அம்மா, இது நம்ம கொப்பரத் தண்ணியாச்சே. சோடா பூத்துகினு கீது பாருங்க. யாரு ஊத்தச் சொன்னது? இதுல இனிமே புல்லு கூட வராது.”

“நான்தான்” என்று சொன்னேன். பிறகு, “அவனிடம் சொல்ல வேண்டாம்” என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “சரிம்மா” என்று போய்விட்டார். உண்மை பேச வேண்டும் என்று உன்னை நூறு வரி எழுதவைத்தவள் அதே மாதத்தில் இன்னொருவரிடம் போய் உண்மையை மறைக்கச் சொன்னேன். அவர் சாகும்வரை அந்த வார்த்தையைக் காப்பாற்றினார்.

உன் அப்பாவுக்கும் தெரியும். “அவன்கிட்ட சொல்லிடேன், ஒரு வார்த்த. சின்னப் புள்ள, மறந்துடுவான்” என்றார். பரீட்சை முடியட்டும் என்றேன். அந்தப் பரீட்சை முடிந்தது, பத்தாவது முடிந்தது, கல்லூரி முடிந்தது. நீ செய்த தப்பைப் பற்றி அதற்குள் உன் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன், உன் மாமியிடம் சொல்லியிருந்தேன், தெருவில் பாதிப் பேரிடம் சொல்லியிருந்தேன். அவ்வளவு பேரிடமும் போய்த் திருப்பிச் சொல்ல வேண்டுமே என்று எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் மட்டும் சொன்னால் போதும் என்பது அன்று தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு நீ என்னிடம் எதிர்த்துப் பேசியது கிடையாது. “சரிம்மா” என்பாய், “பாக்கலாம்மா” என்பாய். என் பிள்ளை எவ்வளவு பணிவு என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். நீ எந்தக் கல்லூரியில் சேர்ந்தாய் என்பது எனக்குச் சேர்ந்த பிறகு தெரிந்தது. வேலையை விட்டதும் விட்ட பிறகு தெரிந்தது. சுதாவைக் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்பதை அவர்கள் வீட்டில் பேசி முடித்த பிறகு வந்து சொன்னாய். இப்போது பேவர் பிளாக்கை மேஸ்திரி வந்து சொல்கிறார். நான் குறை சொல்லவில்லை. சொன்னால் நம்பாதவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு பிள்ளை பன்னிரண்டு வயதில் முடிவு செய்தால், அதை மாற்ற வேண்டிய பொறுப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

இனி ஆவாரைக்கு வருகிறேன். உன் அப்பா போன அடுத்த கோடையில் கண் பரிசோதனைக்காக வேலூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கண்ணமங்கலம் தாண்டி டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி நிழல் தேடினார்கள். நிழலே இல்லை. வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. ரோட்டோரச் சரளையில், ஒருவரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாத இடத்தில், இந்தச் செடி மஞ்சளாகப் பூத்து நின்றது. அதே கிளையில் தட்டையான காய்கள் பழுப்பாகக் காய்ந்து, காற்றில் கலகலவென்று ஆடின. இத்தனை வருடம் அதே ரோட்டில் போய் வந்திருக்கிறேன், அது என் கண்ணில் பட்டதில்லை. நம் தெற்குப் பக்கம் நினைவுக்கு வந்தது. காய்களைப் பறித்துக் கைப்பையில் போட்டேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, “இன்னா ஆயா, சக்கரைக்கா? காய் வேலைக்காவாது, பூவப் பறிச்சி டீ போட்டுக் குடி” என்றார். எனக்குச் சர்க்கரை இல்லை, நான் உங்களுக்கு ஆயாவும் இல்லை என்றேன். பஸ் கிளம்புகிற வரை அவர் என் பக்கம் வரவில்லை.

விதைத்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. மறுபடி விதைத்தேன், முளைக்கவில்லை. செத்த மண் என்பதால்தான் என்று நினைத்து மேல் மண்ணை ஓரடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, சரளையும் ஆற்று மணலும் கொட்டினேன். அப்படியும் இல்லை. அப்போது முனுசாமி நெசவாளர் ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி வந்தார். நான் நிரப்பினேன், அவர் என் கிண்ணத்திலிருந்த விதையை நகத்தால் அழுத்திப் பார்த்தார். “தோலு கெட்டிம்மா. கச்சாப் பட்டு மாரிதான் இதுவும். சுடுதண்ணி பட்டாத்தான் எளகும். ஆனா கொதிக்கிற தண்ணி கூடாது. பட்டும் வெந்து பூடும், வெதையும் வெந்து பூடும்.” கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து, விரலை ஒரு நொடி வைத்து எடுக்க முடிகிற சூட்டில் விதை மேல் ஊற்றி, மறுநாள் காலை வரை அப்படியே விட வேண்டும். உப்பியதை விதைக்கலாம், உப்பாததை இன்னொரு முறை ஊறவைக்கலாம். முற்றத்தில் உட்கார்ந்து நான் டம்ளரில் வெந்நீர் ஊற்றியதைத்தான் மாடியிலிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள்.

நாலாம் நாளே முளைத்தது. நான் சும்மா இருந்தேனா? ரோஜாவுக்குச் செய்தது போலக் காலையும் மாலையும் தண்ணீர். அத்தனையும் தண்டு அழுகிச் சாய்ந்தன. அடுத்த முறை பையில் வளர்த்து மண்ணில் நட்டேன். அதன் ஆணிவேர் முளைத்தவுடனேயே நேராகக் கீழே இறங்கிவிடும், பையை அறுக்கும்போது நுனி முறிந்துவிட்டது. அவையும் போயின. மூன்றாவது ஆடியில்தான் மண்ணிலேயே விதைத்தேன். ஐந்து நின்றன. மார்கழியில் முழங்கால் ஆபரேஷனுக்காக நீ என்னை அம்பத்தூருக்கு அழைத்துப் போனாய். மல்லிகாவிடம் சாவியைக் கொடுத்தேன். எதிர் வீட்டில் தறி போடுகிறாளே, அவள்தான். ‘காலை ஒரு குவளை, மாலை ஒரு குவளை’ என்று காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுத்தான் வந்தேன். அழுகிப்போனதில் நான் பாடம் கற்கவில்லை என்பதற்கு அந்தக் காகிதம் சாட்சி. வாரா வாரம் உன் வீட்டிலிருந்து அவளைக் கூப்பிட்டுக் கேட்பேன். “தெனம் ரெண்டு வேள ஊத்திகினுதாங்க கீறேன்” என்பாள்.

பங்குனியில் திரும்பி வந்தேன். அவளுக்கென்று சென்னையில் வாங்கிய புடவையை முதலில் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் அங்கேயே நின்றாள். முகம் சரியில்லை.

“கோச்சிக்காதீங்கமா. ஒரு நாளு கூட ஊத்தல. தறி மேல குந்தினா எழுந்திரிக்க முடியல. இன்னிக்கி நாளிக்கின்னு மூணு மாசம் ஓடிப்போச்சு. நீங்க வரீங்கன்னு நேத்து பயந்துகினு தொறந்து பாத்தா, இப்பிடி நிக்குதுங்க. பொடவைய வேணா எடுத்துக்கங்க.”

போய்ப் பார்த்தேன். என் இடுப்புயரம் வந்திருந்தன. மொட்டு வைத்திருந்தன. மூன்று மாதம் மழையும் இல்லை, மனிதரும் இல்லை. நான் கவனித்ததெல்லாம் செத்தன, கவனிக்காதவை நின்றன. “புடவையைக் கட்டிக்கொள்” என்று அவளை அனுப்பிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். புது முழங்கால் வலித்தது. தண்ணீர் ஊற்றிவிட்டு ஊற்றினேன் என்று சொன்ன பிள்ளைக்கு அதே இடத்தில் நான் நூறு வரி கொடுத்தேன். ஊற்றாமல் ஊற்றினேன் என்று சொன்ன மல்லிகாவுக்குப் புடவை கொடுத்தேன். அன்று உனக்குப் போன் செய்தேன், உனக்கு நினைவிருக்காது. “மீட்டிங்ல இருக்கேம்மா, அப்பறம் பேசறேன்” என்றாய். நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முனுசாமி போன ஆடியில் போய்விட்டார். உன் அப்பா முன்பே போய்விட்டார். தெரிந்த மூன்று பேரில் மிச்சம் நான் ஒருத்தி, எனக்கு எழுபத்தெட்டு முடிந்துவிட்டது. மேஸ்திரி வந்து டேப்பை நீட்டாமல் இருந்திருந்தால் நானும் சொல்லாமலே போயிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆகவே இப்போது எழுதுகிறேன். நீ தண்ணீர் ஊற்றினாய். தினம் இரண்டு வாளி ஊற்றினாய். பொய் சொல்லவில்லை. மண்ணைக் கெடுத்தது நான். சிவப்பு மையால் அடித்த அந்த ஒரு வரிதான் அந்தப் பக்கத்தில் சரியான வரி.

செடியைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். இனி அதற்குத் தண்ணீர் வேண்டாம், எரு வேண்டாம். காய்களை எடுத்த பிறகு பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கு அடர்த்தியாகத் தழைக்கும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வந்து முட்டையிடும், பச்சைப் புழுக்கள் இலையைத் தின்னும். மருந்து அடிக்காதே. மொட்டையாகிவிட்டதே என்று பதறுகிற சமயத்தில் மறுபடி துளிர்த்துவிடும். இந்தப் பொங்கலுக்கு, என் மூளை கலங்கிவிட்டது என்று சொன்ன அதே வீடுகளிலிருந்து வந்து, “அம்மா, வாசல்ல கட்ட ரெண்டு கொத்து ஆவாரம்பூ” என்று வரிசையில் நின்றார்கள். பறித்துக்கொள்ளச் சொன்னேன். சண்டை போட அலுப்பாக இருந்தது. பறித்த இடத்தில் நாலு நாளில் வேறு பூ வந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு, அம்மா தன்னைப் பற்றித்தான் சொல்கிறாள், சென்னைக்கு வர மாட்டேன் என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறாள் என்று நீயும் சுதாவும் பேசிக்கொள்வீர்கள். அப்படி இல்லை. நான் வேலூரில் பிறந்து இங்கே கொண்டுவந்து விடப்பட்டவள், அதில் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. கல்யாணம் முடிந்து நீ கூப்பிட்டால் வருகிறேன். மாடிப்படி ஏறுவதுதான் கஷ்டம், கீழ் அறையைக் கொடு. என்னால் வர முடியும். செடியால் வர முடியாது. இங்கே நான் இல்லாவிட்டாலும் அதற்கு யாரும் தேவையில்லை. மேலே கல்லைப் போடாமல் இருந்தால் போதும். வாசலில் போட்டுக்கொள், பின்பக்கம் போட்டுக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சம்பந்தி வீட்டுக் கார்களுக்கு அது தாராளமாகப் போதும். நான் ஏழுமலையின் டேப்பை வாங்கி அளந்து பார்த்துவிட்டேன்.

உனக்கு ஒரே ஒரு புத்தி சொல்கிறேன், கல்யாணப் பெண்ணின் அப்பா என்பதால். போன மாதம் நீங்கள் இங்கே வந்திருந்தபோது உன் மகள் உன்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். “எனக்கு அவ்வளவு பெரிய ரிசப்ஷன் வேணாம்பா, நெஜமாத்தான் சொல்றேன்” என்றாள். நீ தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே “பாக்கலாம்மா” என்றாய். அவள் ஒரு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த நடை எனக்குத் தெரியும். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள். அவள் சொல்வதை முதலில் நம்பு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்.

இந்தப் பேனாவைப் பிடித்து விரல் மரத்துவிட்டது, மூன்று நாளாக எழுதுகிறேன். ஏழுமலை வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை ஆட்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் எனக்குப் பதில் வேண்டும். தொலைபேசியில் வேண்டாம், சுதா மூலமாகவும் வேண்டாம். தெற்குப் பக்கம் கல் பதிக்கிறாயா இல்லையா என்று உன் கையால் ஒரு தாளில் எழுதித் தபாலில் அனுப்பு. பதிக்கத்தான் வேண்டும் என்று நினைத்தால் அதையே எழுது. நான் மேஸ்திரியைத் தடுக்க மாட்டேன். ஒரு வரி போதும். நான் எண்ணிப் பார்க்க மாட்டேன், சிவப்பு மையும் வீட்டில் இல்லை. நீ எழுதுவதை இந்த முறை நம்புவேன்.

அம்மா